கலைச்சொல் விவாதம்: பந்தய சிமுலேட்டரில் தலையை அளக்கும் கருவிக்கு என்ன பெயர்?

மடல் 1

அன்பு நண்பர்களே, வணக்கம்.

தலையின் அசைவை அளந்து கணினிக் கார் பந்தய விளையாட்டுக்கு (சிமுலேட்டருக்கு) அனுப்பும் ஓப்பன்டிராக் செயலியின் இடைமுகத்தைத் தமிழாக்கும் வேலை ஒரே சொல்லில் முட்டி நிற்கிறது: 'ஹெட் டிராக்கிங்'. அந்தச் செயலி செய்வதே அந்த ஒரு வேலைதான். அதற்குப் பெயர் நிலைக்காமல் மற்ற பொத்தான்களுக்குப் பெயர் வைத்தால் எல்லாவற்றையும் பிறகு திருத்த வேண்டிவரும்.

கருவியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடத்தில் முதல் வளைவு லா சோர்ஸ். வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு. காரின் மூக்கு இன்னும் நேராக இருக்கும்போதே ஓட்டுநரின் கண் வளைவின் உள்விளிம்புக்குப் போய்விட வேண்டும். ஒற்றைத் திரையில் ஓட்டுபவருக்கு அந்த உள்விளிம்பு திரைக்கு வெளியே இருக்கும். இதற்காகத் தொப்பியிலோ ஹெட்செட்டிலோ மூன்று அகச்சிவப்பு விளக்குகளைப் பொருத்துகிறார்கள். திரைக்கு மேலே உள்ள கேமரா அவற்றைப் படம்பிடிக்க, தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் செயலி ஆறு எண்களாகக் கணக்கிடுகிறது. மூன்று எண்கள் இடத்துக்கு, மூன்று எண்கள் கோணத்துக்கு. அவற்றை வாங்கிக்கொண்டு விளையாட்டு, காருக்குள் பார்வையைத் திருப்புகிறது. ஐரேசிங், அசெட்டோ கோர்சா, லைவ் ஃபார் ஸ்பீடு ஆகிய பந்தய விளையாட்டுகளில் இந்த வசதி உண்டு.

வரைவுக் கோப்பில் இப்போது இருப்பது 'தலைத் தடமறிதல்'. இதையே வைத்துக்கொள்ளலாமா? (சிமுலேட்டருக்கான சொல் தனி இழையில் பேசப்படுகிறது. அதை இங்கே கலக்க வேண்டாம்.)

மடல் 2

> வரைவுக் கோப்பில் இப்போது இருப்பது 'தலைத் தடமறிதல்'.

ஐயா, இது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மடலிலேயே 'ஸ்பா பந்தயத் தடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பந்தய விளையாட்டில் தடம் என்றால் கார் ஓடும் தடம்தான். அமைப்புப் பக்கத்தில் 'தடமறிதலை இயக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தால், விளையாட்டு ஏதோ பந்தயத் தடத்தைக் கண்டுபிடிக்கப் போகிறது என்றுதான் ஓட்டுபவர் நினைப்பார்.

பொருளும் ஒட்டவில்லை. ஒன்று கடந்து போன பிறகு அது விட்டுச்சென்ற சுவட்டைப் பார்த்துப் போவதுதான் தடமறிதல். இந்தக் கருவிக்குக் கடந்துபோனதைப் பற்றிக் கவலையே இல்லை. இந்த நொடியில் தலை எப்படி இருக்கிறது என்பது மட்டுமே அதற்கு வேண்டும்.

இதுவரை ஆங்காங்கே எழுதப்பட்ட மற்ற சொற்களும் நிற்கவில்லை. 'தலைத்தொடரி' என்றால், தொடரி இன்று ரயிலைக் குறிக்கும் சொல். 'தலைக் கண்காணிப்பு' காவல் துறை வாடை அடிக்கிறது. கேமராவை முகத்துக்கு நேரே வைக்கச் சொல்லும் செயலியில் அந்தச் சொல் வீண் அச்சத்தையும் தரும். 'தலையசைவு உணரி' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழில் தலையசைத்தால் அது சம்மதம். ஆம், இல்லை என்று தலையாட்டுவதைக் கண்டறியும் கருவி ஒன்று நாளை வரலாம். அந்தப் பெயரை அதற்கு விட்டுவைப்போம்.

மடல் 3

மின்னணுப் பக்கத்திலிருந்து சில செய்திகள். கருவி எப்படி வேலை செய்கிறது, எங்கே கெடுகிறது என்று பார்த்தால் பெயர் தானாகவே ஒரு பக்கம் சாயும்.

விளக்குகளைத் தாங்கி ஹெட்செட்டில் மாட்டும் கிளிப்பை வீட்டிலேயே செய்ய மூன்று அகச்சிவப்பு எல்.இ.டி.கள் போதும். ஒவ்வொன்றும் 50 மில்லி ஆம்பியரில் சுமார் 1.4 வோல்ட் எடுக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டில் மீதி 3.6 வோல்ட்டை மின்தடை தாங்க வேண்டும்: 3.6 ÷ 0.05 = 72 ஓம். கடையில் கிடைக்கும் 75 ஓம் சரியாக இருக்கும். அதில் வீணாகும் திறன் 0.18 வாட்டுக்குள் அடங்கிவிடும்; கால் வாட் மின்தடை தாங்கும். மூன்று எல்.இ.டி.யையும் வரிசையாக இணைத்து 16 ஓம் ஒன்றைப் போடுவோரும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இணைப்பில் மின்தடைக்கு மிஞ்சுவது 0.8 வோல்ட்தான். யு.எஸ்.பி. மின்னழுத்தம் 5லிருந்து 5.25க்கு ஏறினாலே மின்னோட்டம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி மின்தடை என்றால் அதே ஏற்றத்தில் கூடுவது 7 விழுக்காடு அளவே. எல்.இ.டி.யின் முனை குவிந்திருந்தால் அரம் வைத்துத் தட்டையாகத் தேய்த்து, மெல்லிய உப்புத்தாளால் முடியுங்கள். குவிந்த முனை ஒளியை ஒரே திசையில் குவிக்கும். தலை சற்றுத் திரும்பியதுமே கேமராவுக்குப் புள்ளி மங்கிவிடும்.

சாதாரண வெப்கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு கண்ணாடி லென்சுக்குப் பின்னால் இருக்கும். அதை எடுத்துவிட்டு, கழுவிய பழைய கலர் ஃபிலிம் சுருளின் கறுத்த நுனியை இரண்டு அடுக்காக வைத்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளி நின்று அகச்சிவப்பு மட்டும் உள்ளே போகும். சரியாக வைத்திருந்தால் படத்தில் கறுப்புப் பின்னணியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே தெரியும். நான்காவது புள்ளி ஒன்று தெரிந்தால் பின்னால் சன்னல் வெயிலோ, பழைய குண்டு பல்போ, கண்ணாடிச் சட்டத்தில் பட்ட எதிரொளியோ இருக்கிறது என்று பொருள். பார்வை திடீரென்று கூரைக்குத் தாவுவது பெரும்பாலும் அதனால்தான்.

இனி முக்கியமான இடம். புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவுகளைச் செயலியில் மில்லிமீட்டரில் எழுதச் சொல்வார்கள். கிளிப்பிலிருந்து தலையின் சுழல்மையம், அதாவது கழுத்துக்கு மேலே தலை சுழலும் இடம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் கேட்பார்கள். கிளிப் காதுப் பக்கம் இருக்கும். மையம் தலைக்குள் இருக்கும். இந்த எண் தவறினால், தலையைத் திருப்பும்போது கிளிப் போடும் வளைவைச் செயலி நகர்வு என்று எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர் வலப்பக்கம் பார்ப்பார். விளையாட்டுக்குள் அவர் இருக்கையை விட்டே நகர்ந்திருப்பார். அளவு சீராக்கல் செய்யும்போது தோளை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி, நிமிர்த்தி, குனியச் சொல்வது இதற்காகத்தான்.

ஆக, இந்தக் கருவி எதையும் பின்தொடர்வதில்லை, அளக்கிறது. தவறான அளவைக் கொடுத்தால் தவறான அளவைத் திருப்பிக் கொடுக்கிறது. பெயரும் அதைச் சொல்ல வேண்டும்.

மடல் 4

மேலே உள்ள விளக்கத்துக்கு நன்றி. அதிலிருந்தே ஒரு பரிந்துரை: 'முகத்திசை உணரி'. கிழக்குமுகமாக உட்கார், தெற்குமுகமாக நில் என்று திசையை முகத்தால் சொல்வது நம் வழக்கம். எளிய சொல், யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மடல் 5

> ஒரு பரிந்துரை: 'முகத்திசை உணரி'.

அம்மா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் அது கருவியின் பாதியை விட்டுவிடுகிறது. திசை என்றால் கோணம் மட்டும்தான். காரின் முன்கண்ணாடி ஓரத்தில் உள்ள கம்பம் வளைவை மறைக்கும்போது ஓட்டுநர் தலையைத் திருப்புவதில்லை; அரை சாண் பக்கவாட்டில் நகர்த்திக் கம்பத்தைத் தாண்டிப் பார்ப்பார். முகம் அதே திசையில்தான் இருக்கும், தலைதான் இடம் மாறியிருக்கும். அந்த ஆறு எண்களில் மூன்று இடத்துக்கானவை என்பதை மறந்துவிடக் கூடாது.

'முகம்' இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவரும். விளக்கு எதுவும் இல்லாமல், வெறும் வெப்கேமராவில் முகத்தைப் பார்த்தே கணக்கிடும் முறையும் ஓப்பன்டிராக்கில் உண்டு. அந்த உள்ளீட்டுக்குத்தான் 'முகம்' பொருந்தும். கைப்பேசியைக் கேமராவாக வைத்து வைஃபை வழியே அனுப்பும் முறையில் யு.டி.பி. என்ற வலையமைப்பு முறையில் கணினியின் 4242ஆம் வாயிலுக்கு (போர்ட்) ஆறு எண்கள் போகின்றன. எண்ணுக்கு 8 பைட், மொத்தம் 48. எந்த முறையாக இருந்தாலும் கடைசியில் கைக்கு வருவது அந்த ஆறு எண்கள்தான். பெயர் எல்லா முறைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். விழியின் நோக்கை அறியும் கருவி வேறு. டோபி ஐ டிராக்கர் 5 தலையையும் விழியையும் ஒருங்கே பார்க்கிறது. இரண்டும் ஒரே அமைப்புப் பக்கத்தில் வரும்போது பிரித்துச் சொல்ல முடிய வேண்டும்.

என் பரிந்துரை: தலைநிலைமானி. தலையின் இடத்தையும் கோணத்தையும் சேர்த்துத் 'தலைநிலை'. அளக்கும் கருவிக்கு 'மானி', வெப்பமானி, அழுத்தமானி, மழைமானி போல. செயலுக்குத் 'தலைநிலை அளவீடு'. விழிக்கு வரும்போது 'விழிநோக்கு அளவீடு', கைக்குக் 'கைநிலை அளவீடு'. குடும்பம் முழுவதும் ஒரே அச்சில் வரும்.

மடல் 6

> என் பரிந்துரை: தலைநிலைமானி.

ஒரு ஐயம். தமிழில் 'தலை' முன்னொட்டாக வந்தால் முதன்மை என்ற பொருள் முந்திக்கொள்ளும்: தலைநகர், தலைமகன். 'தலைநிலை' என்பதை 'முதல் நிலை' என்று படிக்க மாட்டார்களா? பந்தயத்தில் முதல் இடம் என்றே எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

மடல் 7

ஐயம் நியாயமானது. ஆனால் தலைவலி, தலையணை, தலைக்கவசம் என்று உறுப்பைச் சொல்லும் கூட்டுச்சொற்களும் அதே அளவுக்குப் பழகியவை. எந்தப் பொருள் என்பதை அடுத்து வரும் சொல் காட்டிவிடும். 'மானி' வந்ததுமே கருவி என்று தெரிந்துவிடுகிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்:

'தலைநிலைமானி இணைக்கப்படவில்லை.'
'நேராகப் பார்த்தபடி எஃப் 12 அழுத்தி நடுப்படுத்துங்கள்.'
'கேமராவுக்கு இரண்டு புள்ளிகளே தெரிகின்றன. தலைநிலையைக் கணக்கிட முடியவில்லை.'

மூன்றாவது வாக்கியம் பந்தயத்தில் அடிக்கடி வரும். கேமராவைத் திரைக்குக் கீழே வைத்தால் ஸ்டியரிங் வளையமும் முன்கையும் புள்ளியை மறைக்கும். கிளிப்பை இடக்காதுப் பக்கம் வைத்தால் இடப்பக்கம் அதிகம் திரும்பும்போது முகமே அதை மறைத்துவிடும். இண்டியானாபோலிஸ் போன்ற அமெரிக்க நீள்வட்டத் தடங்களில் எல்லா வளைவும் இடப்பக்கம். அங்கே ஓட்டுபவர் கிளிப்பை வலப்பக்கம் மாற்றிக்கொள்வது நல்லது.

மடல் 8

பெயருக்கு என் ஆதரவு. அடுத்து மூன்று கோணங்களின் பெயர். ஆங்கிலத்தில் யா, பிட்ச், ரோல். வரைவில் இருப்பவை 'பக்கவழிச் சுழற்சி', 'ஏற்ற இறக்கம்', 'உருளல்'. மூன்றையும் மாற்ற வேண்டும். ஏற்ற இறக்கம் என்றால் விலைவாசி. 'தலை உருளும்' என்றால் தமிழில் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். அமைப்புப் பக்கத்தில் அது வரவே கூடாது.

விமானத்துக்கு வைத்த சொற்களைத் தலைக்கு மொழிபெயர்ப்பதால் வரும் சிக்கல் இது. தலைக்கு நம்மிடம் வினைகள் உண்டு. தலை திரும்பும், நிமிரும், குனியும், சாயும். எனவே: திருப்பம், நிமிர்வு, சாய்வு. நிமிர்வின் எதிர்க்குறி எண்கள் குனிவு. ஆறு வயதுக் குழந்தையிடம் 'தலையைச் சாய்' என்றால் காதைத் தோள்பக்கம் கொண்டுபோகும். அதே அசைவுதான் இங்கேயும். நகர்வுகளுக்குப் பக்கநகர்வு, மேல்கீழ் நகர்வு, முன்பின் நகர்வு போதும்.

மடல் 9

கோணப் பெயர்கள் மிகப் பொருத்தம். அவற்றை வைத்தே வளைகோட்டுப் பக்கத்தின் குறிப்புகளை எழுதிப் பார்த்தேன். (தலை இவ்வளவு திரும்பினால் விளையாட்டில் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று காட்டுவதே வளைகோடு.) பந்தயத்துக்கான பரிந்துரை மதிப்புகளும் உள்ளே வருகின்றன. திருத்துங்கள்.

27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. அதன் முன் 60 செ.மீ. தள்ளி அமர்ந்தால், கண்ணில் திரை அடைக்கும் கோணம் 53 பாகை. தலை 20 பாகை திரும்பினாலும் கண்கள் எதிர்ப்பக்கம் சுழன்று திரையிலேயே நிற்கும்; அதற்கு மேல் கண் களைத்துவிடும். அந்த 20 பாகையில் விளையாட்டுக்குள் 60 பாகை பார்வை வேண்டுமென்றால் பெருக்கம் 3. மூன்று திரை வைத்திருப்பவருக்கு இவ்வளவு தேவையில்லை; அவர் கோணப் பெருக்கத்தை 1க்கு அருகே வைத்து நகர்வுகளை மட்டும் முழுதாகப் பயன்படுத்தலாம்.

வளைகோடு நடுவில் தட்டையாகத் தொடங்க வேண்டும். முதல் 3 பாகைக்கு ஏறத்தாழ அசைவே வேண்டாம். பிரேக்கை அழுத்தும்போது உடல் சற்று ஆடும், நேர்ப்பாதையில் பார்வை ஆடக் கூடாது. ஆனால் அசையா எல்லையை 8, 10 பாகை என்று அகலமாக்கினால், எல்லையைத் தாண்டிய நொடியில் பார்வை குதிக்கும். வளைவுக்குள் நுழையும் நேரத்தில் அந்தக் குதிப்பு ஓட்டுநரைத் தடுமாறவைக்கும். சாய்வுக்கு வளைகோட்டைச் சுழியத்தில் படுக்கவைத்துவிடலாம். வளைவில் உடல் தானாகச் சாயும், அடிவானமும் கூடவே சாய்ந்தால் தலை சுற்றும்.

நடுக்கக் குறைப்பு கூடினால் சுணக்கம் கூடும். நொடிக்கு 30 படம் எடுக்கும் வெப்கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி நொடி. நொடிக்கு 120 படம் எடுக்கும் டிராக்ஐஆர் 5 என்ற கடைத் தலைநிலைமானியில் 8 மில்லி நொடி. வெப்கேமராவில் ஏற்கெனவே சுணக்கம் இருக்கும்போது நடுக்கக் குறைப்பையும் மேலே தள்ளினால், தலை திரும்பிய பிறகு பார்வை வந்து சேரும்.

பார்வை நடுங்கினால் முதலில் கேமராவைப் பாருங்கள், பிறகு அமைப்பைத் தொடலாம். விளையாட்டில் கார் தடத்தின் ஓரக்கட்டையில் ஏறும்போது, மேசையில் பொருத்திய ஸ்டியரிங்கின் மோட்டார் மேசையை உலுக்கும். திரை அதே மேசையில், கேமரா திரை மேல். உங்கள் தலை அசையாமல் இருந்தாலும் அளப்பவரே ஆடினால் அளவும் ஆடும். கேமராவைச் சுவரிலோ தனி முக்காலியிலோ மாட்டினால் நடுக்கம் நின்றுவிடும்.

மடல் 10

இரண்டு சிறு திருத்தங்கள். 'அளப்பவரே' என்பது 'அளக்கும் கேமராவே' ஆகட்டும். 'சுழியத்தில் படுக்கவைத்து' என்பதை 'சுழியத்திலேயே வைத்து' என்று மாற்றலாம்.

கேமரா இல்லாமல், சுழற்சியை அளக்கும் சுழல்மானி (ஜைரோ) உணரியைத் தொப்பியில் வைத்துச் செய்யும் வகையில், நேரம் போகப்போக நடு மெல்ல விலகிக்கொண்டே போகும் கோளாறு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதை 'டிரிஃப்ட்' என்பார்கள். பந்தயத்தில் டிரிஃப்ட் என்றால் பின்சக்கரம் வழுக்கியபடி வளைவை எடுப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கக் கூடாது. உணரியின் கோளாறுக்கு 'நடுநழுவல்' என்று முன்மொழிகிறேன். 'நடுநழுவலைச் சரிசெய்ய எஃப் 12 அழுத்தி நடுப்படுத்துங்கள்' என்று எழுதினால் கோளாறும் தீர்வும் ஒரே வேரில் அமைகின்றன.

தலைநிலைமானி, திருப்பம், நிமிர்வு, சாய்வு ஆகிய நான்கையும் கோப்பில் ஏற்றிவிட்டேன். நடுநழுவலுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.