5 அங்குலக் குழல் கொண்ட 1911 கைத்துப்பாக்கி: எதைப் பார்த்து வாங்குவது, எதை மாற்றுவது?

கேள்வி: ஆஸ்டின்வாசி

வணக்கம். டெக்சாஸில் வசிக்கிறேன். நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பிறகு, அருகிலுள்ள சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கிகளை வைத்துப் பயிற்சி செய்துவருகிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்லும் நோக்கம் இல்லை. 25 கெஜத் தொலைவில் தாள் இலக்கைச் சுடுவதும், கை பழகிய பிறகு உள்ளூர்ப் போட்டிகளில் கலந்துகொள்வதும்தான் என் தேவை என்பதால், எடை எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த முழு அளவுத் துப்பாக்கியே மனத்தில் நிற்கிறது. செக் நாட்டின் சிஇசட் 75-ஐயும் சுட்டுப் பார்த்தேன். அதையும் முழுதாகத் தள்ளிவிட மனம் வரவில்லை.

என் கை சற்றுச் சிறியது. வாடகைக்கு எடுத்த பழைய பாணி 1911-இல் ட்ரிகரை (விசையை) எட்டுவதற்குப் பிடியைத் திருப்ப வேண்டியிருந்தது. ஹேமர் (பின்னாலுள்ள சுத்தியல்) பின்னால் வரும்போதெல்லாம் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடித்தது. கடைக்காரர் ட்ரிகர், இலக்கைப் பார்க்கும் குறிகள், ஸ்பிரிங், பிடித்தகடுகள் ஆகிய அனைத்தையும் வாங்கிய கையோடு மாற்றிவிடும்படி சொல்கிறார். அது தேவைதானா? .45 ஏசிபி தோட்டாவுக்கானதை வாங்குவதா, 9 மி.மீ. தோட்டாவுக்கானதை வாங்குவதா?

மறுமொழி 1: பழையபட்டறை

நண்பரே, கடைக்காரர் சொன்ன பட்டியலைச் சிறிது காலம் மறந்துவிடுங்கள். வாங்கும்போதே உங்கள் கைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தால், மாற்ற வேண்டியவற்றில் பாதி தானாகவே குறைந்துவிடும்.

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளையும் முதலாம் உலகப்போர்ச் சிப்பாய்களே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் 1920-களில் ஏ1 என்ற திருத்தப்பட்ட வடிவம் வந்தது. ட்ரிகரைக் குட்டையாக்கினார்கள், விரல் உள்ளே செல்வதற்கு வசதியாக ட்ரிகருக்குப் பின்னால் சட்டகத்தின் இரு பக்கமும் சரிவாகச் செதுக்கினார்கள், சதை கடிபடாமல் இருக்கக் கிரிப் சேஃப்டியின் (பிடியை அழுத்தினால் மட்டும் சுடவிடும் பூட்டு) வாலை நீட்டினார்கள், கைப்பிடியின் பின்புறத்திலுள்ள மெயின்ஸ்பிரிங் உறையை வளைவாக்கினார்கள். இன்று விற்கும் பல 1911-களில் அந்தச் செதுக்கல் மட்டும் நிலைத்திருக்கிறது. ட்ரிகர் மீண்டும் நீண்டுவிட்டது, உறையும் தட்டையாகிவிட்டது. ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை குட்டை ட்ரிகரும், சதையைக் காக்கும் அகலமான பீவர்டெயில் வாலும்தான். பீவர்டெயில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்திருக்க வேண்டும். பிறகு பொருத்துவதென்றால் பெரும்பாலும் சட்டகத்தையே அரத்தால் தேய்க்க வேண்டிவரும், செலவும் கூடும். உறை தட்டையா வளைவா என்பது சொந்த விருப்பம். கண்ணை மூடிக்கொண்டு (வெற்றுத் துப்பாக்கியை, பாதுகாப்பான திசையில்) இலக்கை நோக்கி நீட்டிப் பின் கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி தாழ்ந்து நின்றால் வளைந்த உறை அதைச் சற்று உயர்த்தித் தரும்.

குறிகளைப் பொறுத்தவரை, ராணுவக் காலத்துச் சிறிய குறிகள் கொண்ட மாதிரி அழகானதுதான், ஆனால் 25 கெஜத்தில் கண்ணுக்கு வேதனை. முன்குறியும் பின்குறியும் பள்ளத்தில் நகர்த்திப் பொருத்தும் வகையாக இருக்கட்டும். தாள் இலக்குக்குத் திருகி நகர்த்தக்கூடிய பின்குறியும், புள்ளி எதுவும் இல்லாத கறுப்பு முன்குறியும் போதும்.

மற்றதெல்லாம் பிறகு. முதலில் நல்ல மேகசின்கள் (தோட்டா அடுக்கும் கூடுகள்) வாங்குங்கள். தோட்டா சரியாக ஏறவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பங்கு மேகசினின் மேல் உதடுகளாலும் களைத்துப்போன ஸ்பிரிங்காலும் வருவதே. அடுத்து எக்ஸ்ட்ராக்டரின் (சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) இறுக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீண்ட வழிகாட்டித் தண்டு போன்ற அலங்காரங்களுக்குச் செலவழிக்கும் பணத்தை நான் தோட்டாவில்தான் போடுவேன். அந்தத் தண்டால் துல்லியம் கூடுவதை என் இலக்குத் தாள்கள் இதுவரை காட்டவில்லை.

மறுமொழி 2: செக்நண்பன்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் சிஇசட் 75-ஐ ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கடந்துவிட்டது நியாயமில்லை. கூட்ஸ்கி சகோதரர்கள் வடிவமைத்த அந்தத் துப்பாக்கியில் ஸ்லைடு (மேலே முன்பின் ஓடும் பகுதி) சட்டகத்தின் உட்புறத் தண்டவாளத்தில் ஓடுகிறது. அதனால் குழல் கைக்கு நெருக்கமாக நிற்கிறது, உதைப்பில் முனை அதிகம் எழும்புவதில்லை. அதற்குக் கொடுக்கும் விலை, ஸ்லைடைப் பின்னிழுக்கப் பிடிப்பதற்கு வெளியில் மிஞ்சும் இடம் குறைவு என்பது. 15 அல்லது 16 தோட்டா கொள்ளும் இரட்டை அடுக்கு மேகசின் உடையதாயினும், அதன் பிடி பல கைகளுக்கு நன்றாகவே அமைகிறது. ஆனால் சிறிய கை உடைய உங்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: ஹேமர் தாழ்ந்த நிலையில் முதல் சுடுதலுக்கு ட்ரிகர் வெகுதூரம் முன்னால் நிற்கும். ஹேமரை ஏற்றிச் சேஃப்டியைப் போட்டுத் தொடங்கும் வகை மாதிரியை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. டிகாக்கர் (சுடாமலே ஹேமரைத் தாழ்த்தும் நெம்புகோல்) உள்ள மாதிரியில் அது முடியாது.

தோட்டா பற்றி: யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கச் சுடும் சங்கத்தின் போட்டிகளில் 1911-க்கென்றே சிங்கிள் ஸ்டாக் என்ற பிரிவு உண்டு. கிரெய்ன் என்ற சிறு அலகில் குண்டின் எடையை, நொடிக்கு அடிக் கணக்கிலான வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வரும் எண் 165-ஐ எட்டினால் மேஜர் (வலுவான தோட்டா), 125-ஐ எட்டினால் மைனர் (மென்மையான தோட்டா). .45 எளிதாக மேஜர் ஆகும், ஆனால் மேகசினில் 8 தோட்டாதான் அனுமதி, 9 மி.மீ. மைனரில் 10. மையத்தைத் தவறவிட்டு அடுத்த வளையத்தில் பட்டால் மேஜருக்கு 4 புள்ளி, மைனருக்கு 3. புதியவருக்கு அந்த ஒரு புள்ளியைவிடத் தோட்டா விலையும் மென்மையான உதைப்பும்தான் முக்கியம் என்பது என் கருத்து. ஆகவே 1911-ஐயே எடுத்தாலும் 9 மி.மீ.-இல் எடுங்கள்.

பழையபட்டறை: 9 மி.மீ.-க்கு எதிர்ப்பில்லை. ஆனால் 1911-இன் சட்டகமும் மேகசின் குழியும் .45-இன் நீளத்துக்கு அமைந்தவை, 9 மி.மீ. தோட்டா குட்டையானதால், பல மேகசின்களின் உள்ளே இடைவெளியை அடைக்க ஒரு தகடு வைத்திருப்பார்கள். மேகசின் தேர்வில் .45-க்குக் காட்டும் கவனத்தைப் போல இரு மடங்கு காட்டுங்கள். ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்கும் வேறு: .45-க்கு வழக்கமானது 16 பவுண்டு, 9 மி.மீ.-க்கு அதைவிட மெல்லியது.

மறுமொழி 3: கன்ஸ்மித்_கோவை

துப்பாக்கிப் பட்டறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ட்ரிகரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 'அப்படியே போடலாம்' என்று பெட்டியில் அச்சடித்து விற்கும் ஹேமர், சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி), கட்டைவிரல் சேஃப்டி ஆகியவை 1911-இல் உண்மையில் அப்படியே போடத் தக்கவை அல்ல. இது ஒவ்வொரு பாகத்தையும் கையால் அரம்போட்டுப் பொருத்திய காலத்து வடிவமைப்பு. சேஃப்டியின் உள்முனை சியரை அசையவிடாமல் தடுக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால், சேஃப்டி மேலே ஏறி நிற்கும், ஆனால் எதையும் தடுக்காது. சியர் தவறினால் ஸ்லைடு மூடும்போது ஹேமரும் கூடவே விழலாம். எனவே இந்த மூன்றையும் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள், ட்ரிகரை இழுக்கத் தேவையான விசையை 4 பவுண்டுக்குக் கீழே இறக்கும்படி கேட்காதீர்கள். நன்றாகப் பொருத்திய 4 பவுண்டு ட்ரிகர் உங்கள் தேவைக்குத் தாராளம்.

1911-இன் சீரிஸ் 70, சீரிஸ் 80 வகைகள் பற்றிய சர்ச்சையில் மயங்க வேண்டாம். கோல்ட் நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்திய சீரிஸ் 80-இல், ட்ரிகரை இழுத்தால் மட்டுமே ஃபயரிங் பின்னை (தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசி) விடுவிக்கும் தடுப்பு கூடுதலாக உண்டு. கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்க அது. ட்ரிகரின் தன்மை அதனால் சிறிது கெடும் என்பது உண்மை. நல்ல கைவேலையால் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும் என்பதும் உண்மை. எக்காரணம் கொண்டும் அந்தத் தடுப்பைக் கழற்றி எறியச் சொல்லாதீர்கள். நான் செய்துதரவும் மாட்டேன்.

இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: கேட்டவர் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர். தற்காலிக விசாவில் இருப்போர் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. கடைக்குப் போகும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஆஸ்டின்வாசி: மூவருக்கும் நன்றி. 9 மி.மீ., 5 அங்குலம், பீவர்டெயில், குட்டை ட்ரிகர், நகர்த்தக்கூடிய பின்குறி என்று முடிவு செய்துவிட்டேன். பிடித்தகடுகளை மட்டும் மெல்லியதாக்கினால் விரல் இன்னும் சற்று முன்னால் வரும் அல்லவா? அதை நானே செய்யலாமா?

பழையபட்டறை: வரும், நீங்களே செய்யலாம். ஆனால் மெல்லிய தகட்டுக்குக் குட்டையான புஷிங்கும் (தகட்டின் திருகு ஏறும் சிறு குழாய்) குட்டையான திருகும் தேவை. பழைய திருகையே போட்டால் அதன் முனை உள்ளே நீண்டு மேகசினை உரசும். நான்கு புஷிங்குகளும் சட்டகத்தில் இறுகியிருக்கும், சாதாரண ஸ்குரூடிரைவரால் திருப்பினால் மரை பழுதாகிவிடும். அதற்கென்று விற்கும் சிறிய சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். குட்டை ட்ரிகரை வைத்துச் சில வாரங்கள் சுட்ட பிறகும் குறை தெரிந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.