பள்ளத்தில் விழுந்தால் சார்ஜ் லைற் அணைகிறது: டீஎக்ஸ் வாகன், 2சி டீசல்

நெல்லியடி வாகன்:

வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா டீஎக்ஸ் வாகன் (ஸ்டேஷன் வாகன் கார்), 2சி டீசல் இன்ஜின். அப்பா ஓடியது, இப்போது என் கையில். போன மாதம் அம்மாவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கண் கிளினிக்குக் கூட்டிப்போனேன். அப்படியே சித்தி வீட்டில் இருந்துவிட்டு இரவுதான் திரும்பினோம். ஆவரங்கால் தாண்டியதும் ஹெட்லைற் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. வல்லை வெளியில் முன்னுக்கு றோட்டே தெரியவில்லை. முனியப்பர் கோயிலடியில் நிறுத்தினேன். நிறுத்தியதுதான் பிழை, திரும்ப ஸ்டார்ட் எடுக்கவில்லை. மீன் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வான்காரர் தன் பற்றரியிலிருந்து வயர் போட்டுத் தந்தார்.

அடுத்த நாள் கராஜில் “பற்றரி செத்துப்போச்சு” என்றார்கள். புதிது போட்டேன், 32,000 ரூபாய். பதினொரு நாளில் அதே கதை. திரும்பக் கொண்டுபோனபோது, இன்ஜின் ஓடும்போதே பற்றரி ரேர்மினலைக் கழற்றிக் காட்டினார்கள். இன்ஜின் நிற்கவில்லை. “பாருங்கோ, ஆல்டனேற்றர் நல்லது, வயரிங்கிலைதான் எங்கேயோ கரண்ட் ஒழுகுது” என்றார்கள். (ஆல்டனேற்றர்தான் இன்ஜின் ஓடும்போது கரண்ட் எடுத்துப் பற்றரியை ஏற்றுவது.) இன்னொரு கடையில் கேட்டால், ஆல்டனேற்றர் போய்விட்டது, ரீகண்டிஷன் ஒன்று 48,000 என்கிறார்கள். யாரை நம்புவது?

சின்ன மீற்றர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். இன்ஜின் நிற்கும்போது 12.3 வோல்ற், ஓடும்போது 12.1. ஆனால் சில நேரம் ஒரு பள்ளத்தில் விழுந்தால், பற்றரிக்குச் சார்ஜ் ஏறாதபோது டாஷ்போர்டில் எரிகிற சார்ஜ் லைற் அணைந்து 13க்கு மேலே போகிறது. ஆல்டனேற்றருக்குக் கீழே ஓயில் கசிவும் உண்டு. அது கனநாளாக இருக்கிறது, அப்பா காலத்திலிருந்தே.

பஞ்சிகாவத்தை போனவன்:

48,000 கொடுக்காதீர்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் இறங்கி நாலு கடை கேட்டால் குறையும். இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் காலையில் யாழ்ப்பாணம் வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: பெற்றோல் கொரோலாவின் ஆல்டனேற்றரைத் தலையில் கட்டிவிடுவார்கள். உங்களுடையதில் பின்பக்கம் வக்கியூம் பம்ப் (காற்றை உறிஞ்சி பிறேக்கை மிதிக்க இலகுவாக்குகிற பம்ப்) ஒட்டியிருக்கும், பெற்றோலில் அது இல்லை. நான் ஒருமுறை வாங்கி ஏமாந்து திருப்பி அனுப்பினேன், பஸ் கூலிதான் நட்டம்.

வயர்க்காரன், உரும்பிராய்:

தம்பி, கொழும்புக்கும் போகவேண்டாம், 48,000மும் கொடுக்கவேண்டாம். இன்னும் கொஞ்சம் பொறும்.

அந்த ரேர்மினல் கழற்றுகிற சோதனையை முதலில் மறந்துவிடும். அது ஆல்டனேற்றர் வரமுன் இருந்த டைனமோ காலத்துப் பழக்கம். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் இங்கே ஓடிய நாட்களில், யுத்தத்தில் பெற்றோலைக் கண்ணால் காணாமல் மண்ணெண்ணெயில் ஓட்டிய நாட்களிலும்தான், நாங்களே அப்படிச் செய்திருக்கிறோம். ஆல்டனேற்றரில் அதைச் செய்தால், பற்றரி குடிக்கவேண்டிய கரண்ட் போக இடமில்லாமல் வோல்ற் ஒரேயடியாக மேலே பாயும். உள்ளே உள்ள டயோட்டும் றெகுலேற்றரும் போகலாம், றேடியோவும் போகலாம். அதோடு உம்முடையது டீசல். ஓடத் தொடங்கிவிட்டால் டீசல் பம்பில் டீசலைத் திறந்து வைக்கிற சொலனோய்டுக்கு மட்டும்தான் கரண்ட் வேண்டும், அது ஒரு சின்ன பல்பின் அளவு. அரைகுறை ஆல்டனேற்றரே அதைத் தாங்கும். ஆகவே இன்ஜின் நிற்கவில்லை என்பதை வைத்து ஆல்டனேற்றர் நல்லது என்று சொல்ல முடியாது. பகலில் நீர் ஒன்றும் தெரியாமல் ஓடியதும் இதனால்தான். லைற் போட்ட இரவில்தான் பற்றரி அம்பிட்டது.

நல்ல ஆல்டனேற்றர் என்றால், ஓடும்போது பற்றரியில் 13.8இலிருந்து 14.4 வரை காட்டவேண்டும். உம்முடைய 12.1 என்பது பற்றரி தன் கையிருப்பைச் செலவழிக்கிற கணக்கு.

இப்போது மூன்று காரியம் செய்து பாரும். ஆல்டனேற்றரின் பின்னால் தடித்த வயர் பூட்டிய போல்ற்றிலும் மீற்றரை வையும், இன்ஜின் ஓடவேண்டும். அங்கே 14 காட்டி பற்றரியில் 12 காட்டினால் பிழை வயரில். இரண்டு இடமும் 12 என்றால் பிழை உள்ளே. இரண்டாவது, இரவு மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுக் காலையில் வோல்ற் பாரும். அடுத்த இரவு பூட்டியபடி விட்டுப் பாரும். இரண்டும் ஒன்றென்றால் “ஒழுகுது” என்ற கதை பொய். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன்னில் போட்டு, சார்ஜ் லைற் எரியும்போது, ஆல்டனேற்றரின் புல்லி நட்டுக்குக் கிட்ட ஒரு ஸ்க்ரூட்றைவரைக் கொண்டுபோம். மெல்லிதாகக் காந்தம் இழுக்கவேண்டும். இழுக்காவிட்டால் உள்ளே சுழலுகிற றோட்டருக்குக் கரண்ட் போகவில்லை.

பெல்ற்றையும் ஒருக்கா அமத்திப் பாரும். பிறேக் எப்படி, கடினமாக இருக்கிறதா? அதை எழுதவில்லை.

நெல்லியடி வாகன்:

ஐயா, பின் போல்ற்றிலும் 12.1, பற்றரியிலும் 12.1. இரவு கழற்றி வைத்தபோதும் பூட்டி வைத்தபோதும் காலையில் 12.3. பெல்ற் இறுக்கம். பிறேக் வழமைபோல.

காந்தம் இல்லை, துளியும் இழுக்கவில்லை. எரிச்சலில் ஸ்பானரின் பிடியால் ஆல்டனேற்றரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். ஸ்க்ரூட்றைவர் டக்கென்று ஒட்டிக்கொண்டது! அம்மா முற்றத்திலிருந்து என்னவென்று கேட்டா.

வயர்க்காரன், உரும்பிராய்:

பிடித்துவிட்டீர். காபன், அதாவது றோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு, சிக்கியிருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் அணைகிறது என்று முதலிலேயே எழுதியிருந்தீர், நான் நினைத்ததும் அதுதான்.

உம்முடைய பழைய ஓயில் கசிவுதான் ஆள். அந்த வக்கியூம் பம்ப் ஆல்டனேற்றரின் அச்சிலேயே சுற்றுகிறது, இன்ஜின் ஓயில் குடித்துத்தான் வேலை செய்கிறது. இடையில் உள்ள சீல் தேய்ந்தால் ஓயில் ஆல்டனேற்றருக்குள் வரும். காபன் தூளோடு சேர்ந்து தோசைமா மாதிரிக் களியாகும். காபன் தன் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு றோட்டரின் அச்சிலுள்ள செம்பு வளையத்தை, ஸ்லிப் றிங்கை, தொடாமல் நிற்கும். காபனை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீர். சீலையும் மாற்றும்.

கழற்றமுன் மைனஸ் வயர் முதலில். அந்தத் தடித்த வயரில் சாவி இல்லாமலும் கரண்ட் நிற்கும், ஸ்பானர் வாகனத்தின் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். பம்புக்கு மூன்று குழாய்: ஓயில் வருவது, ஓயில் திரும்புவது, பிறேக் பூஸ்டருக்குப் போவது. திரும்புகிற குழாயை ஊதிப் பாரும். அது அடைத்தால் புதுச் சீலும் நிற்காது. கூட்டுக்கு வெளியே தெரிகிற காபன் 1.5 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் மாற்றத்தான் வேண்டும். நீளம் இருந்தாலும் ஓயில் ஊறியதைத் திரும்பப் போடாதீர். ஸ்லிப் றிங்கை நைசான சாண்ட் பேப்பரால் துடைத்தால் போதும், அரம் போடவேண்டாம்.

பூட்டமுன் பம்புக்குள் கொஞ்சம் இன்ஜின் ஓயில் விடும், காய்ந்தபடி சுற்றக்கூடாது. ஓயில் குழாயின் செம்பு வாஷர் புதிது போடும். ஸ்டார்ட் எடுத்து, றோட்டில் இறங்கமுன் பிறேக்கை நாலுதரம் மிதித்துப் பாரும். இதை மறந்தவர்கள் மதிலோடு நின்றிருக்கிறார்கள்.

நெல்லியடி வாகன்:

முடிந்தது. கழற்றி ஊரில் ஓட்டோ எலக்ற்றிக் வேலை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோய், நானும் பக்கத்தில் இருந்து திறந்தோம். நீங்கள் சொன்ன தோசைமாதான், கறுப்பு. ஒரு காபன் கூட்டுக்குள் அப்படியே ஒட்டியிருந்தது, குறட்டால்தான் வந்தது. திரும்புகிற குழாயும் பாதி அடைப்பு. காபன், சீல், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 6,500.

இப்போது 14.2. ஹெட்லைற்றும் ஃபானும் போட்டால் 13.9. நேற்று இரவு வேண்டுமென்றே வல்லை வெளியால் வந்தேன். முனியப்பருக்குக் கற்பூரம் கொளுத்த அம்மா நிறுத்தச் சொன்னா. நிறுத்தினேன், இன்ஜினை மட்டும் நிறுத்தவில்லை.

வயர்க்காரன், உரும்பிராய்:

சந்தோசம் தம்பி. அந்தப் பழைய பற்றரியை வீசிப்போடாதீர். சார்ஜ் ஏறாமல் இறங்கியதே தவிர, அது அனேகமாக நல்ல பற்றரிதான். ஒரு நாள் சார்ஜில் போட்டுப் பாரும்.

நெல்லியடி வாகன்:

அதைத்தான் ஐயா, புதிது வாங்கும்போது 3,000 ரூபாய் குறைக்கிறோம் என்று அந்தக் கராஜ்காரர்களே வாங்கி வைத்துவிட்டார்கள்.