பல் பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டவர்கள்: அனுபவப் பகிர்வு

ஹட்டன் வாசகி

கீழ்த்தாடையில் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. சிரித்தாலும் வெளியே தெரியாத பல்லுக்கு யார் செலவு செய்வார்கள் என்று அப்படியே விட்டிருந்தேன். அண்மையில் கண்டியில் ஒரு கிளினிக்கில் அச்செடுத்து, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சாந்தில் வார்த்து, மேசைமேல் பொருத்திக் காட்டினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எதிர்ப்பல் இல்லாததால் மேல்பல் மெல்ல மெல்ல இறங்கி, கீழ்முரசைத் தொடும் அளவுக்கு வந்திருந்தது. பின்னாலிருந்த பல்லோ, அடைமழையில் சரிந்த மண்மேடு போல வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. சம்பல் சாப்பிடும்போதெல்லாம் தேங்காய்ப்பூ அதனடியில் சிக்கிக்கொண்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. சிக்கியது தங்கித் தங்கி அந்தப் பல்லிலும் சொத்தை விழுந்துவிட்டது. இனிப் பல் கட்டலாமென்றால், கட்டுவதற்கு இடமே இல்லை என்கிறார் வைத்தியர்.

மஸ்கெலியாத் தோட்டத்துப் பேரன்

எங்கள் அப்பாயிக்குக் கீழ்வரிசையில் ஒரு பல்லும் இல்லை. ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்தே காலந்தள்ளியவருக்கு, அப்பா கடன்பட்டுச் செட் செய்து கொடுத்தார். அத்தை மகளின் கலியாணப் பந்தியில், இரண்டாவது வாய்ச் சோற்றிலேயே அவர் கீழ்ச்செட்டை நாக்கால் தள்ளியெடுத்து, யாரும் பாராதபடி முந்தானையில் முடிந்துகொண்டதை எதிர்வரிசையிலிருந்து நான் கண்டேன். செட் செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். பல் போனபின் அதைத் தாங்கியிருந்த தாடையெலும்பு கரையத் தொடங்குகிறது, அதிலும் முதல் வருடத்தில்தான் அதிகம் கரைகிறது. அப்பாயிக்கு முரசுமேடே தட்டையாகிவிட்டதால் செட் பிடித்து நிற்க ஒன்றுமில்லை. மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கீழ்ச்செட்டை நாக்கு ஓயாமல் தள்ளும்.

பண்டாரவளை வாசகர்

முதல் பதிவைப் படித்துவிட்டு எல்லோரும் பயந்து ஓட வேண்டியதில்லை. எனக்கு இரு பக்கமும், மேலும் கீழும் கடைசிக் கடைவாய்ப்பற்கள் இல்லை. பல் கட்டுவதற்கென்றே பணத்தோடு போன என்னிடம் வைத்தியர், "சோறு மெல்ல முடிகிறதா?" என்று கேட்டார், முடிகிறது என்றதும், அப்படியே விடுங்கள் என்று அனுப்பிவிட்டார். முன்பற்களும் அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப்பற்களும் ஒன்றோடொன்று பொருந்திக் கடித்தால் பலருக்கு அதுவே போதும் என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த காய்சர் 1981இலேயே எழுதியிருக்கிறார். ஞானப்பல்லைப் பிடுங்கியவர்கள் பல் கட்டுகிறார்களா என்ன?

நுவரெலியா ஆசிரியர்

எனக்குப் போனது மேல்வரிசை முன்பல். வகுப்பில் சொல்வதெழுதுதல் சொல்லும்போது 'ச' வரும் இடமெல்லாம் காற்றுச் சீறியது. முன்வாங்கிலிருந்த பிள்ளை ஒருத்தி அதே சீறலோடு என்னைத் திருப்பிச் சொன்னாள்.

கேட்காவிட்டாலும் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும். பல்லைப் பிடுங்கும் அன்றே, அந்த இடத்தை என்ன செய்வது என்று வைத்தியரிடம் கேளுங்கள். முரசு ஆறிய பின் செட், இருபக்கப் பற்களைப் பிடித்துக் கட்டும் பாலம், எலும்பில் பதிக்கும் பல் என வழிகள் உண்டு, விட்டுவிடுவதும் சில வேளைகளில் ஒரு வழிதான். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் விசாரியுங்கள். செட் போடுகிறவர்கள் இரவில் கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். தோட்டங்களில் பலர் பல்லில்லாத இடுக்கில் வெற்றிலையை மணிக்கணக்கில் அடக்கி வைத்திருப்பதைக் காண்கிறேன். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமாகுபவை. அங்கே வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தால், அல்லது இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால், பல் கட்டும் பேச்சை ஒத்திவைத்து முதலில் அதைக் காட்டுங்கள்.

ஹட்டன் வாசகி

பண்டாரவளை ஐயா, உங்களுக்குப் போனவை வரிசையின் கடைசிப் பற்கள், அதுவும் சோடி சோடியாக. உங்கள் வாயில் சாய்வதற்குப் பின்னால் பல்லும் இல்லை, இறங்குவதற்கு மேலே பல்லும் இல்லை. எனக்குப் போனது ஆறு வயதில் முளைத்த, வரிசைக்கு நடுவிலுள்ள பல். இறங்கிய மேல்பல்லை இப்போது வேர்ச்சிகிச்சை செய்து, அராவிக் குட்டையாக்கி, உறை போட வேண்டுமாம்; சொத்தையில்லாத நல்ல பல் அது. இப்படி அராவிக்கொண்டவர்கள் இங்கே இருந்தால், அதன் பிறகு அந்தப் பக்கம் மெல்ல முடிகிறதா என்று எழுதுங்கள்.