தேர்மோஸ்டாட் ஹவுசிங் ஒழுகுது, வீட்டில நிண்டே மாத்தலாமோ?

காலிவீதி_பயணி:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட 2003 மொடல் ஜப்பான் கார் ஒண்டு, 1500 சிசி பெட்ரோல். பேரைச் சொன்னா முதல் பதிலே "வித்துப்போட்டு வேற எடுங்கோ" எண்டுதான் வரும், ஆனபடியா சொல்லேல்ல. கொஞ்ச நாளா ரிசேர்வ் போத்தில்ல தண்ணி குறையுது. ரேடியேற்றர் மேல் ஹோஸ் வந்து என்ஜின்ல பூட்டுற அலுமினிய மூடி இருக்கெல்லோ (அதுதான் ஹவுசிங், என்ஜின் சூடாகுமட்டும் தண்ணியை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற தேர்மோஸ்டாட் வால்வு அதுக்குள்ளதான்), அதின்ர அடியில ரோஸ் கலர்ல உப்புப் பூத்து ஒட்டிக் கிடக்கு. காலையில பாத்தா நிலத்தில ஒண்டுமில்ல, ஓடிட்டு வந்து நிப்பாட்டினாத்தான் ஒரு இனிப்பு வாசமும் ரெண்டு சொட்டும்.

கராஜ் ஒண்டில காட்டினன். மேலால சிலிக்கன் பூசி விடுறன், தேர்மோஸ்டாட்டையும் கழட்டி எறிவம், எங்கட வெயிலுக்கு அது தேவையில்லை எண்டார் அந்தக் கராஜ் பாஸ் (மெக்கானிக்). மனசு ஒப்பேல்ல. லீவுக்கு குடும்பத்தோட நுவரெலியா போற பிளான், கடுகண்ணாவ ஏத்தத்தில பொனட்டைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்க ஏலாது. வெள்ளவத்தையில பிளட்ஸ், கீழ பார்க்கிங்லதான் வேலை செய்யோணும். சொக்கட் செட் இருக்கு. துணிஞ்சு இறங்கலாமோ?

பழைய_பாஸ்:
தாராளமா இறங்கலாம் தம்பி, ஆனா சாவி தூக்க முதல் எங்க ஒழுகுது எண்டு பிடியுங்கோ. அந்த இடத்தில ஒண்டில் ஹோஸ் கிளிப்புக்கு உள்ள அலுமினியக் கழுத்து அரிச்சுப் போயிருக்கும், இல்லாட்டி மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவில இருக்கிற கேஸ்கட் போயிருக்கும், இல்லாட்டி மூடியே வெடிச்சிருக்கும். முழுக்கத் துடைச்சுக் காய வச்சிட்டு, ஃபேன் ஒருக்கா சுத்துமட்டும் ஸ்டார்ட்ல விட்டு, ஓஃப் பண்ணினாப் பிறகு ரிசூ பேப்பர் ஒண்டை ஒவ்வொரு இடமா ஒத்திப் பாருங்கோ. ஸ்டார்ட்ல நிக்கேக்க பெல்ட் பக்கம் கை போகக்கூடாது. கழுத்துத்தான் ஒழுகுது எண்டா கேஸ்கட் மாத்தி ஒரு பிரயோசனமும் இல்லை, மூடியே புதுசாப் போடோணும்.

தேர்மோஸ்டாட்டை எறியிற கதையை விடுங்கோ. கொழும்பில வெயில் கூடினா 32, 33 பாகை, என்ஜின் ஓடவேண்டிய சூடு 85, 90. இதில வெயில் எங்க வருது? அதுக்குள்ள இருக்கிறது மெழுகு, சூட்டில உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளித் திறக்கும். அதைக் கழட்டினா காலையில பம்பலப்பிட்டி போய்ச் சேருமட்டும் என்ஜின் குளிர்லதான் ஓடும், கம்பியூட்டர் இன்னும் சூடாகேல்ல எண்டு நினைச்சுப் பெட்ரோலைக் கூட விடும், ஒயிலுக்க ஈரம் தங்கிக் களியாகும். இன்னொண்டு கனபேருக்குத் தெரியாது. சில என்ஜின்ல தேர்மோஸ்டாட்டின்ர அடித்தட்டு, சூடானாப் பிறகு பைபாஸ் வழியை மூடுற வேலையும் செய்யுது. அதை எடுத்தீங்களெண்டா சுடுதண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கால திரும்பி என்ஜினுக்கே வரும், அப்ப ஏத்தத்தில முந்தியவிடக் கூடச் சூடாகும். நீங்கள் போறதோ கடுகண்ணாவ, அதுக்குப் பிறகு றம்பொடை!

மருதானை_மச்சான்:
பழைய பாஸ் செல்லுறது சரி. சாமானுக்கு பஞ்சிகாவத்த போங்க, ஆனா வெறுங்கையோட போக வாணாம், பழைய ஹவுசிங்க கழட்டி பேக்ல போட்டு த்ரீவீல்ல போங்க, ஒரே மொடல்லயே ஹோஸ் கழுத்து வளையிற பக்கம் வித்தியாசமா ஈக்கி, வாயால செல்லி வாங்கினா திருப்பி போக வரும். ஞாயித்துக்கெழம கழட்ட வாணாம், கனக்க கட பூட்டு. ரீகண்டிஷன் பீஸ் தந்தா கழுத்துக்குள்ள வெரல உட்டு தடவிப் பாருங்க, குழி குழியா ஈந்தா அது ஒங்கட பழசுக்கு தம்பி, வாணாம்.

தேர்மோஸ்டாட் புதுசு என்டாலும் பூட்டுறதுக்கு முன்ன சுடுதண்ணில போட்டு பாருங்க. நூல்ல கட்டி, சட்டி அடில முட்டாம தொங்க உடணும். அதுல 82 என்டு குத்தி ஈந்தா 82 பாகை கிட்ட மெல்ல தொறக்க தொடங்கும், தண்ணி கொதிக்க முன்ன நல்லா தொறந்து ஈக்கணும், வெளிய எடுத்தா ஆறி மூடணும். பழசையும் பாக்கிற என்டா சமைக்கிற சட்டி எடுக்க வாணாம், கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணில கலக்கிற மருந்து) நஞ்சு.

கொட்டாஞ்சேனை_அக்கா:
நானும் பிளட்ஸ் கீழ நின்னுதான் இந்த வேலை செய்றேன், அதனால சொல்றேன், கமிட்டிக்காரங்க வந்து நிக்காத நேரமா பாத்து செய்ங்க 😄

ரேடியேட்டர் மூடியை சூட்டோட தொறக்கவே கூடாது. அந்த மூடி 0.9 இல்லன்னா 1.1 பார் பிரஷர்னு வரும், அந்த பிரஷர்ல வெறும் தண்ணியே 118 பாகை தாண்டித்தான் கொதிக்கும், தொறந்த ஒடனே அவ்வளவும் முகத்துக்கு வரும். ராத்திரி முழுக்க ஆற விட்டு காலைல செய்ங்க.

போல்ட் அனேகமா 10 சாவி போல்ட்டாத்தான் இருக்கும். இரும்பு போல்ட் அலுமினியத்துக்குள்ள வருஷக்கணக்கா கூலன்ட்ல ஊறி ஒட்டிப் போயிருக்கும். முதல் நாளே டபிள்யூடி ஃபோர்ட்டி அடிச்சு வைங்க, பலமா ஒரே இழுப்பா இழுக்காம கொஞ்சம் எறுக்கி கொஞ்சம் தளத்தி மாறி மாறி ஆட்டி எடுங்க. தலை ஒடஞ்சா அப்புறம் ட்ரில், டாப்னு போகும், அந்த வேலைய பார்க்கிங்ல செய்ய முடியாது. திருப்பி பூட்டுறப்ப 10 சாவி போல்ட்டுக்கு 9, 10 நியூட்டன் மீட்டர் போதும், சின்ன ரேச்செட்டை கிட்ட பிடிச்சு மணிக்கட்டால எறுக்கினாலே அந்தளவு வந்துடும்.

வேலையே சுத்தம் பண்றதுதான். என்ஜின் பக்க வாய்க்குள்ள பழைய துணிய திணிச்சிட்டு, பழைய ஏடிஎம் கார்டால சுரண்டுங்க, ஸ்க்ரூ டிரைவர் வேணாம், கீறல் விழுந்தா அந்தக் கீறல் வழியாவே ஒழுகும். பழைய மூடியத்தான் போடப் போறீங்கன்னா கண்ணாடித் துண்டு மேல 400 எமரி பேப்பர் விரிச்சு அதில தேய்ச்சு மட்டமாக்குங்க. தேர்மோஸ்டாட்ல சின்னதா ஆடுற ஊசி ஒன்னு இருந்தா அது மேல பாத்து நிக்கணும், காத்து போறதுக்கு. சிலிக்கன் வேணவே வேணாம்.

பழைய_பாஸ்:
பேப்பர் கேஸ்கட் எண்டா ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு பூச்சு விட்டா நல்லதுதான் தங்கச்சி, பழைய என்ஜின் முகம் கண்ணாடி மாதிரி இராது. ரப்பர் வளையம் எண்டா நீங்கள் சொன்னதுதான் சரி, சிலிக்கன் விட்டா வளையம் வழுக்கி வெளிய வரும்.

கொட்டாஞ்சேனை_அக்கா:
மெல்லிசா விடுற பாஸ்மாரை நான் இன்னும் பாக்கல அண்ணே. பிதுங்கி உள்ள போனது பிஞ்சு ரேடியேட்டர் குழாய அடைக்கும்.

காலிவீதி_பயணி:
எல்லாருக்கும் பெரிய நன்றி. போல்ட் ரெண்டும் உடையாமல் வந்திட்டுது. கழட்டிப் பாத்தா கேஸ்கட்டுக்கு மேல சிலிக்கன், அதுக்கு மேல இன்னொரு சிலிக்கன், ஆர் ஆர் செய்த வேலையோ தெரியா, அக்கா சொன்னமாதிரி கார்டால சுரண்டித்தான் எடுத்தது. கழுத்தும் அரிச்சுத்தான் கிடந்தது, புது மூடி வாங்கியாச்சு. தேர்மோஸ்டாட்ல வெள்ளையா சுண்ணாம்பு பிடிச்சிருக்கு, முதல் வச்சிருந்தவர் யாழ்ப்பாணத்தில ஓடினவர். ரப்பர் வளையத்தோட புதுசு பூட்டிட்டன், சிலிக்கன் இல்லை. இப்ப காத்து எடுக்கிறது எப்பிடி? எங்கட கிணத்துத் தண்ணி விடலாமோ?

பழைய_பாஸ்:
அந்த வெள்ளை கிணத்துத் தண்ணியின்ர வேலை. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், தண்ணி கல்லுத் தண்ணி. வெள்ளவத்தைக் கிணறும் கடலுக்குக் கிட்ட, வேண்டாம். கலந்து வாற கூலன்ட் வாங்குங்கோ, இல்லாட்டி கட்டியான கூலன்டும் பற்றரிக்கு விடுற டிஸ்டில்ட் வோட்டரும் பாதிக்குப் பாதி. முந்தி இருந்தது பச்சையோ ரோஸோ, ரெண்டையும் கலக்காதேங்கோ.

கார்ன்ர மூக்கு மேடா நிக்கிறமாதிரி விட்டு, ரேடியேற்றர் மூடி திறந்தபடி மெல்ல மெல்ல ஊத்துங்கோ. ஹீட்டர் இருந்தா முழுச் சூட்டில போட்டு ஸ்டார்ட் பண்ணி விடுங்கோ. குமிழ் வரும், தண்ணி இறங்கும், திரும்ப விடுங்கோ. ஒரு கட்டத்தில மேல் ஹோஸ் திடீரெண்டு சுடும், அப்பத்தான் தேர்மோஸ்டாட் திறந்தது. குமிழ் நிண்டாப் பிறகு மூடியைப் பூட்டி, ஃபேன் ரெண்டு தரம் சுத்தி நிக்குமட்டும் பாத்து, ஆறவிட்டு ரிசேர்வ் போத்திலை நிரப்புங்கோ. முதல் கிழமை நீர்கொழும்பு மாதிரி ஒரு ஓட்டம் போயிட்டு வாங்கோ, நேர நுவரெலியா வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_அக்கா:
பழைய கூலன்ட்டை பேசின்ல விட்டுட்டு மேல ஏறிப் போயிடாதீங்க, இனிப்பா இருக்கும், பூனை நாய் நக்கினா செத்துடும். போத்தல்ல அடைச்சு பேர் எழுதி வைங்க, கானுக்குள்ளயும் ஊத்த வேணாம்.

மருதானை_மச்சான்:
ஹோஸ் கிளிப் பழசத்தான் போட்டீங்களா? ஸ்பிரிங் கிளிப் தளந்து ஈந்தா அதையும் மாத்திடுங்க, பழைய ஹோஸ் தடம் பதிஞ்ச எடத்துலயே கிளிப் நிக்கணும்.