கேட்டிராத மக்களிடம் சுவிசேஷம்: போகலாமா, வேண்டாமா?

குழித்துறை வாத்தியார்:

போன ஞாயிறு எங்கள் சபையில் மிஷனரி ஆராதனை. ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலைகளில் மால்தோ பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்கிற ஒரு குடும்பம் வந்து பேசியது. காணிக்கையும் எடுத்தோம். வெளியே வந்ததும் ஒரு தம்பி கேட்டான்: "இயேசுவைப் பற்றிக் கேள்வியே படாத மக்கள்கிட்ட நாம எதுக்குப் போகணும்? அவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே." வாசலில் நின்று பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. 1806-இல் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே நம் குமரி மாவட்டத்து மயிலாடிக்கு வந்தபோது, கடற்கரை ஊர்களைத் தவிர்த்தால், நம் முன்னோர்களில் பெரும்பாலோரும் அப்படிக் கேட்டிராதவர்கள்தான். ஆனால் அவர் அழையாமல் வரவில்லை. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் சிதம்பர யாத்திரை போன இடத்தில், தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற புதுப் பெயரோடு கிறிஸ்தவராகத் திரும்பி வந்தார். எங்கள் ஊருக்கும் ஒருவர் வேண்டும் என்று அவர்தான் கேட்டார். 1816-இல் ரிங்கல்தௌபே ஊரை விட்டுப் போன பிறகு, அடுத்த மிஷனரி மீட் வந்து சேரும்வரை சபைகளைத் தாங்கியதும் அவர்தான். அதற்கப்புறம் நாகர்கோவிலில் மால்ட் என்ற மிஷனரித் தம்பதி, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி, லேஸ் வேலை, நெய்யூர் ஆஸ்பத்திரி என்று வரிசையாக வந்தன. நமக்குக் கிடைத்ததை இன்னொரு மலைக்காரனுக்குக் கொடுக்காமல் பொத்தி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாமரைக்குளம்:

அண்ணாச்சி, பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொன்னீர்கள். ரிங்கல்தௌபேக்குப் பின்னால், திருவிதாங்கூரில் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே இருந்தார். அடுத்து வந்த மன்றோ காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழிய வேலை, அதாவது அரசாங்கத்துக்குக் கூலியில்லாமல் செய்கிற கட்டாய வேலை, இல்லை என்று ஆனது. வரியும் கூலியில்லா வேலையும் கழுத்தை நெரித்த காலம் அது. வரி குறையும், அடி குறையும் என்று நம்பித்தான் பலர் வருகிறார்கள் என்று ரிங்கல்தௌபேயே வருத்தப்பட்டிருக்கிறார். அப்படி வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் கேள்வி வேறு. விடுதலை வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு மதம் வந்தே ஆக வேண்டுமா?

அதே ஊர், அதே காலம். அய்யா வைகுண்டர் 1809-இல் பிறந்தவர். தலையில் துண்டு கட்டக்கூட உரிமை இல்லாதவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து வழிபடச் சொன்னார். எல்லாச் சாதியும் ஒரே தண்ணீரில் குளிக்க சுவாமித்தோப்பில் முத்திரிக்கிணறு வெட்டினார். திருவிதாங்கூர் ராஜா அவரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தும் மக்கள் கூட்டம் குறையவில்லை. எந்த ரெசிடென்டும் அவருக்காகக் கடிதம் எழுதவில்லை. மால்தோ மக்களிடமிருந்தும் அப்படி ஒருவர் எழுந்து வரலாம். அதற்கு இடம் விடாமல் நாம் முந்திக்கொண்டு போய் நிற்கிறோம்.

கடல்புரம்:

எங்கள் கடற்கரைக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1544-இல் சவேரியார் இந்தக் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். மனப்பாடம் செய்த சில தமிழ் ஜெபங்களும் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசிகளும்தான் அவரிடம் இருந்தவை. தண்ணீர் ஊற்றியது ஒரு மாதம், விசுவாசம் ஊறியது பல தலைமுறை. நடுவில் ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர் நியமித்த கணக்கப்பிள்ளைகள் என்ற உள்ளூர் உபதேசிகள். அவர்கள் பெயர் எந்தக் கோயில் சுவரிலும் இல்லை. கேட்டிராத மக்களிடம் போகிறவர் யாரானாலும், தான் போன பிறகு அங்கே யார் இருப்பார்கள் என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

தாமரைக்குளம்:

நல்ல சேர்ப்பு. இன்னொரு உதாரணம் சொல்கிறேன். 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் அந்தமானில் உள்ள வடக்கு சென்டினல் தீவுக்குச் சுவிசேஷம் சொல்லப் போய், அங்குள்ள பழங்குடி மக்களால் கொல்லப்பட்டார். அங்கே போகக் கூடாது என்று 1956-இலேயே சட்டம் இருக்கிறது. அந்த மக்கள் ஏன் அம்பை எடுக்கிறார்கள்? 1880-இல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தத் தீவில் ஆறு பேரைப் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். வயதான இருவரும் நோய் கண்டு இறந்தார்கள். பிள்ளைகள் நால்வரையும் பரிசுப் பொருள்களோடு திருப்பிக் கொண்டு விட்டார்கள். கூடவே என்ன நோய் போனதோ யாருக்குத் தெரியும்? நாம் சாதாரணச் சளி என்று நினைப்பது அவர்களுக்கு ஊரையே காலி செய்கிற நோய். அந்தக் கரையில் இறங்குவதை ஊழியம் என்று சொல்ல என்னால் முடியாது.

குழித்துறை வாத்தியார்:

சென்டினல் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். வேண்டாம் என்று ஒரு ஜனம் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு போவது அன்பே இல்லை.

ஆனால் அதே கடலில் நிக்கோபாரும் இருக்கிறது, தம்பி. 1768-இலிருந்து மொரேவியச் சகோதரர்கள் என்ற ஐரோப்பிய மிஷனரிக் குழுவினர் அங்கே இருபது வருடம் போல இருந்து பார்த்தார்கள். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள், சபை உருவாகவில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நூற்றாண்டின் கடைசியில் கார் நிக்கோபாருக்குப் போன சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் அங்கேயே தங்கிப் பையன்களுக்குப் பள்ளி நடத்தினார். அவரிடம் படித்த ஒரு பையன் பர்மாவில் மேலே படித்துத் திரும்பி வந்து, புதிய ஏற்பாட்டைத் தன் மொழியில் கொடுத்தார். பிற்காலத்தில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் என்று அறியப்பட்டவர் அவர்தான். நிக்கோபாரிகளில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். அவர்களிடம் போய், உங்கள் விசுவாசம் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்று நம்மால் சொல்ல முடியுமா?

பேச்சிப்பாறை அக்கா:

ஜார்க்கண்டும் அந்தமானும் இருக்கட்டும், நம் மலையைப் பாருங்கள். நான் இங்கே காணிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அங்கே ஒருவர் படுத்துவிட்டால் அவர்கள் பூசாரியான பிலாத்தி வந்து உட்கார்ந்து, கொக்கரை என்ற இரும்பு வாத்தியத்தை உரசிக்கொண்டு, நோய் குணமாகச் சாற்றுப்பாட்டு பாடுவார். ராத்திரி முழுக்கப் போகும். வீட்டுக்காரர், சொந்தக்காரர், பக்கத்துக் குடி என்று எல்லோரும் சுற்றி இருப்பார்கள். ஒரு வீட்டில் மகன் ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, கொக்கரைச் சத்தம் கேட்கிற இடத்தில் இருக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் முற்றத்துக்கு வெளியே ரப்பர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். அம்மா இரண்டு பக்கமும் நடந்தாள். கடைசியில் அவரைக் குணமாக்கியது ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரை. ஆனால் மகன் உள்ளே வரவில்லை என்பதை அந்த அப்பா மறக்கவே இல்லை.

நானும் ஜெபிக்கிறவள்தான். அந்தப் பையனை வெளியே நிற்க வைத்த உபதேசத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மலைவழி:

அக்கா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் மனைவியும் ராஜ்மகாலில் வேலை செய்தவர்கள். இப்போது தக்கலை பக்கம் இருக்கிறோம்.

பெரிய சவால் எதிர்ப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு முதல் சவால் காலா அசார். மண்சுவர் வெடிப்பிலும் சாணி ஈரத்திலும் வளர்கிற மணல் ஈ கடித்து வருவது. வாரக்கணக்கில் காய்ச்சல் விடாது. மண்ணீரல் வீங்கி, குழந்தையின் வயிறு பானை போல முன்னே தள்ளி நிற்கும். வைத்தியம் பார்க்காவிட்டால் சாவுதான். கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு மலை இறங்கினால்தான் ஊசி கிடைக்கும். அந்தக் கட்டிலின் ஒரு காலைப் பிடிக்காதவன் அங்கே எந்த உபதேசமும் செய்ய முடியாது. அடுத்தது பாஷை. மால்தோவும் நம் திராவிடக் குடும்பம்தான், ஆனால் தமிழ் தெரிந்தவனுக்கு அது ஒரு சலுகையும் தருவதில்லை. பிள்ளைகளோடு ஆடு மேய்த்துத்தான் படித்தோம்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. மகுவா மரத்தடியில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். "நீ சொல்கிற சாமி நல்லவர்தான். என் அப்பா அவரைக் கேள்விப்படாமல் செத்துப்போனார். நான் உன் சாமியிடம் போனால் அப்பாவை விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஆகாதா?" ஜப்பானில் சவேரியாரிடமும் இதையே கேட்டு மக்கள் அழுதார்கள். மீட்பு இல்லை என்று சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. உங்கள் அப்பாவை உங்களைவிட அதிகமாக நேசிக்கிறவர் கையில் அவர் இருக்கிறார் என்றேன். என் இறையியல் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று போதகர்கள் வாதாடட்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாமரைக்குளம்:

அண்ணே, உங்களை மதிக்கிறேன். ஆனால் நோயாளியின் கட்டிலைத் தூக்கியவர் பிறகு கூட்டத்துக்கு அழைத்தால், அவர் எப்படி மறுப்பார்? 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது. ஜார்க்கண்டிலும் 2017-இல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அந்தச் சட்டங்களை வைத்து அப்பாவிகளைத் தொல்லை செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 1999-இல் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் எரித்தது கொடூரம், அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. என் கவலை நோயாளியின் நன்றிக்கடனைப் பற்றியது.

மலைவழி:

நியாயமான கவலை, தம்பி. அதனால்தான் சிகிச்சையில் இருக்கிற வீட்டாரை நாங்கள் கூட்டத்துக்கு அழைப்பதில்லை என்று வைத்திருந்தோம். குணமாகி, விதைப்பு முடிந்து, அவர்களாகவே வந்தால் பேசுவோம். வராமல் போனவர்கள்தான் அதிகம். அவர்கள் வீட்டுக் கட்டிலையும் தூக்கினோம்.

ஒரு வீடு ஞானஸ்நானம் கேட்டால் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசாமல் நாங்கள் கொடுத்ததில்லை. ஊர்ப் பலிக்கு அந்த வீட்டு வரி இனி வராது. அதற்குப் பதில் பாதை வெட்டவும் கிணறு தூர்வாரவும் அந்த வீடு ஆள் அனுப்பும் என்று ஒப்புக்கொண்ட ஊரில் சண்டை வரவில்லை. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போன வேறு குழுக்களின் ஊர்களில் குடும்பங்கள் இரண்டாகிப் போனதைப் பார்த்தேன். அந்த அவசரத்துக்குக் காரணம் இங்கே இருக்கிறது. மாதா மாதம் ஜெபக்கடிதத்தில் எத்தனை ஆத்துமாக்கள் என்று நாம்தான் கேட்கிறோம்.

பேச்சிப்பாறை அக்கா:

அப்படியானால் வாத்தியார் அண்ணன் சபையில் அதைப் பேசுவாரா?

குழித்துறை வாத்தியார்:

பேசுகிறேன். மிஷனரிக் குழுக் கூட்டம் மாதக் கடைசியில். நாங்கள் தாங்குகிற ஊழியர்களின் ஜெபக்கடிதத்தில் ஞானஸ்நானக் கணக்கு வேண்டாம், முதல் இரண்டு வருடம் பாஷை படிக்க மட்டும் அனுப்பலாம் என்று எழுதிக் கொடுக்கிறேன். காணிக்கை குறையும் என்று பொருளாளர் சொல்வார். தாமரைக்குளம் தம்பி, போகவே கூடாது என்கிற உங்கள் கட்சிக்கு நான் வரவில்லை.

தாமரைக்குளம்:

நானும் என் கட்சியை விடவில்லை, அண்ணாச்சி. இருந்தாலும் அந்தத் தீர்மானம் நிறைவேறினால் இங்கே எழுதுங்கள்.