ஆட்டிசம் உள்ள மகனுக்காக டிரஸ்ட்: பெங்களூரில் எந்த வக்கீலைப் பார்ப்பது?

அல்சூர்_அப்பா:
மகனுக்கு 17 வயசு, ஆட்டிசம். எங்க காலத்துக்கு அப்புறம் அவன் செலவுக்காக ஃபிளாட், எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்தையும் டிரஸ்ட்ல வைக்கணும். தேடினா "டிரஸ்ட் ரிஜிஸ்ட்ரேஷன் பேக்கேஜ்"தான் வருது. வக்கீல்கிட்ட என்ன கேட்கணும்?

பத்திரக்காரர்:
சார், அந்த பேக்கேஜ் பெரும்பாலும் தர்ம டிரஸ்ட்டுக்கு. உங்களுக்கு வேண்டியது 1882 இந்திய டிரஸ்ட் சட்டப்படி தனியார் டிரஸ்ட். எதிரே இருப்பவர் 12ஏ, 80ஜி (தர்ம டிரஸ்ட்டுக்கான வரிச்சலுகைப் பதிவுகள்) என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, அதனால் விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் ஏஜென்சிதான். உயில், பாகப்பிரிவினை பார்க்கும் சிவில் வக்கீலாகத் தேடுங்கள்.

முதல் சந்திப்பிலேயே ஒன்று கேளுங்கள்: "நாங்க ரெண்டு பேரும் போன மறுநாள், பேங்க்ல யார் கையெழுத்து போடுவாங்க?" பல வரைவுகளில் "அதன்பின் மூத்த மகன் டிரஸ்டி" (டிரஸ்ட் சொத்தை நிர்வகிப்பவர்) என்பதோடு சரி. அவர் வெளிநாடு போய் விலகினால் கடைசியில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். அடுத்தது யார், அவரும் முடியாதென்றால் யாரை எப்படி நியமிப்பது, இது பத்திரத்திலேயே இருக்கணும். "மருத்துவச் செலவு" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். தெரபி, பார்த்துக்கொள்பவர் சம்பளம், தங்கும் விடுதி டெபாசிட் எல்லாம் பெயர் சொல்லி வரணும். டிரஸ்டிக்குச் சம்பளம் தருவதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் அதே டிரஸ்ட் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி அவர் கேட்க முடியாது.

வரிக்கணக்கு:
பயனாளியின் (டிரஸ்ட்டின் பலன் யாருக்கோ அவரின்) பங்கைப் பத்திரத்தில் தெளிவாக எழுதாமல் டிரஸ்டி இஷ்டத்துக்கு விட்டால், பொதுவாக உச்ச விகிதத்தில் வரி விழும். மகன் ஒருவனே பயனாளி, நூறு சதவீதம் என்று இருந்தால் அவன் வருமானத்துக்கான வரி ஸ்லாப்பில் வரும். டிரஸ்ட்டை ரத்து செய்யும் உரிமையை நீங்கள் வைத்துக்கொண்டால் வருமானம் உங்கள் கணக்கில் சேரும். வரைவைப் பதிவுக்கு முன்பே சிஏ (பட்டயக் கணக்காளர்) பார்க்கட்டும்.

கோரமங்கலா_அம்மா:
சொத்தைப் பார்க்கும் டிரஸ்டி வேறு, மகனுக்காக முடிவெடுக்கும் கார்டியன் வேறு. 18 ஆனதும் உங்கள் பெற்றோர் அதிகாரம் தானாகத் தொடராது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட லோக்கல் லெவல் கமிட்டியிடம் கார்டியன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கணும். ஃபிளாட்டை இப்போதே டிரஸ்ட்டுக்கு மாற்றினால் பத்திரம் பதிவாகியே தீரணும், அதற்கு முன் ஸ்டாம்ப் டியூட்டிக் கணக்கை வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள். கொஞ்சம் பணத்தில் டிரஸ்ட்டைத் தொடங்கி, ஃபிளாட்டை உயில் வழியாக அதற்கு விடுவதும் உண்டு.

அல்சூர்_அப்பா:
நன்றி. மகளையே டிரஸ்டியாவும், அவ தம்பிக்கு அப்புறம் மீதிச் சொத்துக்கு வாரிசாவும் போடலாமா?

பத்திரக்காரர்:
போடலாம். ஆனால் தம்பிக்குச் செலவழிக்காத ஒவ்வொரு ரூபாயும் மகளுக்கே போகும் ஏற்பாடு அது. சொத்தில் பங்கில்லாத இன்னொரு டிரஸ்டியும், வருஷா வருஷம் சிஏ தணிக்கையும் சேருங்கள். நாளைக்கு யாரும் அவரைக் குறை சொல்லாமல் இருக்கவும் அது உதவும்.