மோனசைட் வில்லை விரிசல் விடுது, வைவாவுக்கும் பதில் இல்ல

கல்லுப்பொடி (களியக்காவிளை):
திருவனந்தபுரத்துல எம்எஸ்சி ரெண்டாம் வருஷம். கடல்மணல்ல கிடைக்கிற மோனசைட் கனிமம் மாதிரியே லாந்தனம் பாஸ்பேட்டுல வில்லை சுட்டு, தண்ணியில ஊறப்போட்டு எவ்வளவு கரையுதுன்னு பாக்கிறதுதான் என் ப்ராஜெக்ட். அணுக்கழிவை இந்த மாதிரி செராமிக்குக்குள்ள பூட்டி வைக்கலாம்னு யோசனை. புளூட்டோனியத்துக்குப் பதிலா சீரியம் சேர்க்கிறேன். மூணு வில்லையில ரெண்டு அடுப்பை விட்டு வரும்போதே விரிசல். அதை விடுங்க. வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, கேக்கப்போற கேள்விதான் பயமா இருக்கு: புளூட்டோனியம்-239 பாதியாகவே 24,100 வருஷம் ஆகும், நீ மூணு மாசம் ஊறப்போட்டதை வச்சு என்னத்தைச் சொல்லுவே? என்ன சொல்லட்டும்?

ஓட்டுச்சூளை (பாறசாலை):
வைவா எனக்குத் தெரியாது. விரிசல் தெரியும். ஈரம் போகிறதுக்கு முன்னே தீயைக் கூட்டினா கூரை ஓடும் இப்படித்தான் வெடிக்கும். உங்க பொடியில தண்ணி இருக்கா?

கல்லுப்பொடி:
ஐயோ, இருக்கு! வீழ்படிவா வர்றது ராப்டோஃபேன், தண்ணி பிடிச்ச பாஸ்பேட். அதை அப்படியே அமுக்கிச் சுட்டுட்டேன்.

ஓட்டுச்சூளை:
அப்போ பொடியாவே வறுத்துட்டு அமுக்குங்க. ஆறவிடும்போதும் கதவைத் திறந்து எட்டிப் பாக்காதீங்க.

மணல்தாத்தா (மணவாளக்குறிச்சி):
மக்களே, நான் மணல் பிரிக்கிற எடத்துல 31 வருஷம் நின்னவன். உன் மூணு மாசத்தைப் பத்தி கவலப்படாதே. உனக்காக இந்த மணலே சோதனைய முடிச்சு வச்சிருக்கு.

இந்த மணல்ல பல கனிமம் கலந்து கெடக்கு. இல்மனைட்டை காந்தம் சட்டுன்னு இழுத்துரும். மோனசைட் கொஞ்சம் தயங்கித்தான் வரும். சிர்கானும் ரூட்டைலும் திரும்பியே பாக்காது. லென்ஸ் வச்சுப் பாத்தா மோனசைட் மணி தேன் நெறத்துல, ஓரம் தேஞ்சு உருண்டு கெடக்கும். 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர் இந்தக் கரையில மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சதே இங்கேருந்து போன கயித்துல ஒட்டிக்கிடந்த மணலைப் பாத்துத்தான். அந்த மணியில நூத்துக்கு எட்டு ஒம்போது பங்கு தோரியம் ஆக்சைடு. கூட ஒரு துளி யுரேனியம். அந்த மணி பொறந்த கேரள மலைப்பாறைக்கு வயசு சுமார் 55 கோடி வருஷம். அவ்வளவு காலமும் தோரியம் உள்ளேயே ஆல்பா துகளை விட்டு, பக்கத்து அணுவை எல்லாம் இடிச்சுத் தள்ளிட்டே இருந்துச்சு. அப்புறம் ஆறு உருட்டி, கடல் அடிச்சு, உப்புத்தண்ணியில ஊறி வந்திருக்கு. இன்னைக்கும் எக்ஸ்ரேயில வச்சா படிகம் படிகமாத்தான் தெரியும்.

இப்போ சிர்கானைப் பாரு. இலங்கை ரத்தினக் கல்லுகள்ல பச்சை சிர்கான்னு ஒண்ணு உண்டு. இதே வயசுதான். யுரேனியம் நூத்துக்கு ஒண்ணு கூட இருக்காது. ஆனா படிகம் கலைஞ்சு, கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி ஆகி, பருமன் 18 சதவீதம் வரை வீங்கிட்டு. மோனசைட்டுக்கு அதைவிடக் கூடுதல் அடி, ஆனாலும் ஒடம்பு தேறிட்டு. பாஸ்பேட் கட்டமைப்பு சின்னச் சூட்டுலயே கலைஞ்ச அணுவைத் திரும்ப எடத்துல உக்கார வச்சுரும். இதை வைவாவுல சொல்லு.

பாக்க ஆசையா இருந்தா கரைக்கு வா, ஆனா மணலைப் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போயிராதே. அணுசக்திச் சட்டத்துல வாற சாமான்.

கண்ணாடிக்காரன் (நெய்யாற்றின்கரை):
தாத்தா சொன்னது ஆக்டினைடுக்கு, அதாவது தோரியம், யுரேனியம், புளூட்டோனியம் கூட்டத்துக்குச் சரி. அதே கழிவுல இருக்கிற சீசியத்தை என்ன செய்வீங்க? மோனசைட்டுக்குள்ள அதுக்கு வசதியான எடம் இல்ல. படிகம்னா பந்திக்கு ஆள் பாத்து இலை போடும். போரோசிலிக்கேட் கண்ணாடி வர்ற ஆளுக்கெல்லாம் எடம் கொடுக்கும். அதனாலதான் டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் எல்லாத்துலயும் கழிவைக் கண்ணாடியா உருக்கி எஃகு டப்பாவுல ஊத்துறாங்க. கதிர்வீச்சு அறைக்குள்ள பொடியை அமுக்கிச் சுடுறதை விட ஊத்துறது சுலபம்.

ஆஸ்திரேலியாவுல ரிங்வுட்னு ஒரு விஞ்ஞானி 1978-ல சொன்ன சின்ராக்ங்கிற செயற்கைக் கல், இந்தப் பந்திச் சண்டைக்கு ஒரு வழி பண்ணுச்சு. ஒரே கல்லுக்குள்ள பல கனிமம்: சீசியத்துக்கு ஹோலண்டைட், ஸ்ட்ரான்ஷியத்துக்கு பெரோவ்ஸ்கைட், ஆக்டினைடுக்கு சிர்கனோலைட். உங்க வில்லை எல்லாக் கழிவுக்கும்னு வாயை விட்றாதீங்க. பிரிச்செடுத்த ஆக்டினைடுக்குன்னு மட்டும் சொல்லுங்க, தப்பிச்சுருவீங்க.

மணல்தாத்தா:
தம்பி சொல்லுதது சரிதான். எனக்கு சீசியம் ஞாபகமே வரல்ல. மணல்ல அது கெடையாதே.

கல்லுப்பொடி:
நேத்து 800 டிகிரியில வறுத்துட்டு அமுக்கினேன். நாலு வில்லையில ஒண்ணுதான் கீறல், அதுவும் நான் இடுக்கியில தட்டினது. ஞாயித்துக்கிழமை மணவாளக்குறிச்சிக்கு வரேன் தாத்தா. லென்ஸ் என்கிட்ட இருக்கு, காந்தம் மட்டும் நீங்க கொண்டு வாங்க.